பவருக்கு வி, டார்க்குக்கு இன்லைன்னு யாருங்க சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாகனப் பக்கத்துல வந்த இன்ஜின் கட்டுரையை படிச்சேன். எளிமையா எழுதியிருந்தாங்க, படமும் தெளிவா இருந்துச்சு, புதுசா தெரிஞ்சுக்க நினைக்கிற பசங்களுக்கு நல்ல ஆரம்பம்தான். ஆனா நடுவுல கட்டம் கட்டி பெரிய எழுத்துல ஒண்ணு போட்டிருந்தீங்க, பவர் வேணும்னா வி இன்ஜின் (சிலிண்டர் ரெண்டு வரிசையா வி எழுத்து மாதிரி சாஞ்சு நிக்கிறது), டார்க்கும், அதாவது சுத்துற இழுவை விசையும், ஆயுசும் வேணும்னா இன்லைன் இன்ஜின் (எல்லா சிலிண்டரும் ஒரே வரிசையில நிக்கிறது)னு, அதை படிச்சதுல இருந்து மனசு ஆறல. இது இன்னிக்கு நேத்து கிளம்பின பேச்சு இல்ல, ஒர்க்‌ஷாப்ல, டீலர்கிட்ட, யூட்யூப்லன்னு எல்லா இடத்துலயும் ஓடுற வசனம்தான், ஆனா பேப்பர்ல அச்சாகி வந்துட்டா அதுக்கு ஒரு மரியாதை வந்துடுது இல்லையா, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல டார்க். சிலிண்டருக்குள்ள காத்து போகுது, அதுக்கேத்த எரிபொருள் போகுது, எரியுது, அந்த அழுத்தம் பிஸ்டனை கீழ தள்ளுது, பிஸ்டனோட இணைஞ்ச கனெக்டிங் ராட் கிராங்கை, அதாவது இன்ஜினோட அடித்தண்டை, சுத்துது. இதுல சிலிண்டர் எல்லாம் ஒரே வரிசையில நிக்குதா இல்ல ரெண்டு வரிசையா சாஞ்சு நிக்குதான்னு அந்த அழுத்தத்துக்கு எப்படிங்க தெரியும்? எவ்வளவு காத்து உள்ள போச்சுங்கிறதுதான் கணக்கு. டர்போ (காத்தை அழுத்தி உள்ள தள்ளுற விசிறி) இல்லாத நவீன பெட்ரோல் இன்ஜின் எதை எடுத்தாலும் லிட்டருக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் வரும். பிஎம்டபிள்யூவோட என்52 இன்லைன் சிக்ஸ், அதாவது வரிசையா ஆறு சிலிண்டர், 3 லிட்டர், 300 நியூட்டன் மீட்டர். டொயோட்டாவோட 2ஜிஆர் வி-6, மூணரை லிட்டர், சுமாரா 336. வகுத்து பாருங்க, ஒண்ணு 100, இன்னொண்ணு 97. இந்த மூணு வித்தியாசத்தை வச்சுக்கிட்டு இன்லைன்தான் இழுவைன்னு சொன்னா அது நியாயமா?

ரெண்டும் வேற வேற கம்பெனி, வேற வேற காலம், அதனால ஒப்பிடக்கூடாதுன்னு யாராவது சொல்லலாம். சரி, ஒரே கம்பெனியை எடுத்துக்குவோம். மெர்சிடிஸ் 90கள்ல எம்104னு ஒரு இன்லைன் சிக்ஸ் வச்சிருந்தாங்க, 3199 சிசி, போர் (சிலிண்டரோட அகலம்) 89.9 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல இருந்து கீழ வர்ற தூரம்) 84. அப்புறம் அதை நிறுத்திட்டு எம்112னு ஒரு வி-6 கொண்டு வந்தாங்க. அதோட அளவு என்ன தெரியுமா, அதே 3199 சிசி, அதே 89.9, அதே 84. இந்த ஒப்பீட்டுக்குன்னே யாரோ செஞ்சு கொடுத்த மாதிரி இருக்கும். ஒரே ஈ320 கார்ல இன்லைனுக்கு 220 குதிரைசக்தி, வி-க்கு 224. டார்க் ரெண்டுலயும் 315 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். இத்தனைக்கும் பழைய இன்லைன்ல சிலிண்டருக்கு நாலு வால்வு, ரெண்டு கேம்ஷாஃப்ட் (வால்வை திறக்குற தண்டு), புது வி-6ல சிலிண்டருக்கு மூணு வால்வு, ஒரு ஹெட்டுக்கு (சிலிண்டர் வரிசையோட மேல்மூடி) ஒரே கேம்ஷாஃப்ட். அந்த வி-6 கீழ் ஆர்பிஎம்லயே (நிமிஷத்துக்கு சுத்துற எண்ணிக்கை கம்மியா இருக்கும்போதே) முழு டார்க்கை கொடுத்து ரொம்ப தூரம் அப்படியே புடிச்சு வச்சிருக்கும், இன்லைன்ல அது கொஞ்சம் மேல ஏறினாதான் வரும். கட்டத்துல போட்ட விதிப்படி பார்த்தா இது தலைகீழா இல்ல இருக்கணும்?

அப்போ இந்த பேச்சு எங்கிருந்து கிளம்புச்சுன்னு கேப்பீங்க. நெருப்பில்லாம புகையாது, ஒரு காரணம் இருக்கு, ஆனா அது சுத்தி வளைச்சு வர்ற காரணம். ஆறு சிலிண்டரை வரிசையா நிறுத்தினா இன்ஜின் நீளமாயிடும். அதை பானட்டுக்குள்ள அடக்கணும்னா ஒவ்வொரு சிலிண்டரோட அகலத்தையும், அதாவது போரை, கொஞ்சம் சுருக்கித்தான் ஆகணும். போர் சின்னதாகி, அதே சிசி வேணும்னா ஸ்ட்ரோக் நீளமாகணும். போர் சின்னதுன்னா வால்வும் சின்னது, மேல் ஆர்பிஎம்ல மூச்சு முட்டும், கீழ் ஆர்பிஎம்ல காத்து வேகமா போயி நல்லா நிறையும், அதனால ஓட்டுறவருக்கு இது நல்லா இழுக்குதுப்பான்னு தோணும். வி இன்ஜின்ல நீளம் மிச்சமாகுது, போரை தாராளமா வைக்கலாம், பெரிய வால்வு, சின்ன ஸ்ட்ரோக், வேகமா சுத்தலாம். பவர்ங்கிறது டார்க்கை ஆர்பிஎம்மால பெருக்கி 9549-ஆல வகுத்தா வர்ற கிலோவாட் கணக்குதானே, அப்போ அதிகமா சுத்துற இன்ஜின் அதே டார்க்குக்கு அதிக பவர் காட்டும். ஆக வித்தியாசம் போர்-ஸ்ட்ரோக்ல இருக்கு, வடிவம் அதுக்கு ஒரு வாய்ப்பை மட்டும்தான் கொடுக்குது. அந்த வாய்ப்பை கம்பெனி எடுத்துக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். டொயோட்டா 2ஜேஇசட் இன்லைன் சிக்ஸ்ல போரும் ஸ்ட்ரோக்கும் சரிசமமா 86க்கு 86. மெர்சிடிஸ்ல ரெண்டு வடிவத்துக்கும் ஒரே அளவுன்னு மேல பார்த்தோம்.

டீசல் பக்கம் வந்தா இந்த குழப்பம் இன்னும் பெருசு. அமெரிக்காவுல 1989 மாடல் டாட்ஜ் பிக்கப்ல கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்லைன் சிக்ஸை போட்டாங்க, 160 குதிரைசக்திதான், ஆனா டார்க் 540 நியூட்டன் மீட்டருக்கு மேல. அப்போ போட்டிக்கு நின்ன ஃபோர்டுல 7.3 லிட்டர் வி-8 டீசல், அளவுல பெருசு, டார்க்ல சின்னது. உடனே பாத்தியா இன்லைன்னா இன்லைன்தான்னு முடிவு கட்டிட்டாங்க, அந்த முடிவு இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா சுத்திக்கிட்டு இருக்கு. ஆனா அந்த கம்மின்ஸ்ல டர்போ இருந்துச்சு, டீசலை நேரா சிலிண்டருக்குள்ளயே பீச்சுற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இருந்துச்சு, அந்த வி-8ல ரெண்டும் கிடையாது, ப்ரீசேம்பர் (டீசல் முதல்ல எரிய ஆரம்பிக்கிற சின்ன அறை) வச்ச பழைய டிசைன், டர்போ இல்லாம வெறும் மூச்சுல ஓடுறது. அஞ்சே வருஷம், 1994-ல அதே 7.3 அளவுல டர்போவும் டைரக்ட் இன்ஜெக்‌ஷனும் வச்சு பவர்ஸ்ட்ரோக்னு புது வி-8 வந்ததும் 210 குதிரைசக்தி, 576 நியூட்டன் மீட்டர்னு கம்மின்ஸை எட்டிப் பிடிச்சுடுச்சு. வடிவம் மாறல, வி வி-யாவேதான் இருந்துச்சு, உள்ள போற காத்துதான் மாறுச்சு.

இதை விட சமீபத்து கதை ஒண்ணு இருக்கு. லேண்ட் குரூஸர் 70 சீரிஸ், ஆஸ்திரேலியாவுல அதுக்கு நாலரை லிட்டர் டர்போ டீசல் வி-8 இருந்துச்சு, 151 கிலோவாட், 430 நியூட்டன் மீட்டர். 2023-ல அறிவிச்ச புது மாடல்ல 2.8 லிட்டர் நாலு சிலிண்டர் இன்லைனை சேர்த்தாங்க, 150 கிலோவாட், 500 நியூட்டன் மீட்டர். பாதி சிலிண்டர், ஒண்ணே முக்கால் லிட்டருக்கு கிட்ட கம்மி, டார்க் 70 அதிகம். இன்லைன் ஆதரவாளர்கள் இதையும் தங்கள் கணக்குல எழுதிக்குவாங்க, எழுதட்டும், ஆனா உண்மையில நடந்தது என்னன்னா அந்த வி-8ஐ ஒத்தை டர்போ வச்சு ரொம்ப சோம்பலா ட்யூன் பண்ணியிருந்தாங்க, நாலு சிலிண்டரை கசக்கி பிழிஞ்சிருக்காங்க. எது நீண்ட நாள் ஓடும்ங்கிற சண்டை அங்க தனியா ஓடுது, அது வேற விஷயம், அதுக்கு கீழ வரேன்.

பெரிய லாரிங்கள்ல இந்த கேள்விக்கு நேருக்கு நேர் பதிலே கிடைக்குது. ஸ்கேனியா 2020-ல 770 குதிரைசக்தி இன்ஜின் விட்டாங்க, 16.4 லிட்டர் வி-8, 3700 நியூட்டன் மீட்டர். வால்வோ 2024-ல எஃப்எச்16க்கு 780 குதிரைசக்தி இன்ஜின் விட்டாங்க, 17 லிட்டர் இன்லைன் சிக்ஸ், 3800 நியூட்டன் மீட்டர். ரெண்டும் ஸ்வீடன் கம்பெனி, ரெண்டும் ஒரே வேலைக்கு செஞ்சது, ஒண்ணு வி, ஒண்ணு இன்லைன், லிட்டருக்கு வகுத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல வந்து நிக்குது. இதுக்கு மேல நிரூபணம் என்னங்க வேணும்.

பவர்னா வி தான்ங்கிறதுக்கு எல்லாரும் எஃப்1ஐ காட்டுவாங்க. இப்போ ஓடுறது 1.6 லிட்டர் வி-6 டர்போ, அதுக்கு முன்னாடி வி-8, அதுக்கு முன்னாடி வி-10, சரிதான். ஆனா 1983-ல நெல்சன் பிக்கே சாம்பியன் ஆனது எதுலன்னு பாருங்க, பிராபம் கார்ல பிஎம்டபிள்யூவோட ஒன்றரை லிட்டர் இன்லைன் நாலு சிலிண்டர் டர்போ, சாதாரண கார்ல ஓடின எம்10 பிளாக்ல இருந்து பிறந்தது. எதிர்ல ஃபெராரியும் ரெனோவும் வி-6 டர்போவோட நின்னாங்க. பின்னாடி குவாலிஃபையிங் ட்யூன்ல அந்த நாலு சிலிண்டர் ஆயிரம் குதிரைசக்திக்கு மேல போச்சு. மோட்டார் சைக்கிள்லயும் அப்படித்தான், மோட்டோஜிபியில 2020-ல சுஸுகி இன்லைன் ஃபோர் ஜெயிச்சுச்சு, 2021-ல யமஹா இன்லைன் ஃபோர் ஜெயிச்சுச்சு, 2022-ல இருந்து டுகாட்டி வி-4. வி-4ல கிராங்க் குட்டையா இருக்கும், வண்டி ஒல்லியா கட்டலாம், டாப் ஸ்பீடுக்கு நல்லது. இன்லைன்ல வளைவுல வண்டி நல்லா சொன்ன பேச்சு கேக்கும்னு ஓட்டுறவங்க சொல்லுவாங்க. இந்த இடத்துல வடிவம் உண்மையிலேயே பேசுது, ஆனா அது பேசுறது வண்டியோட உடம்பு வாகைப் பத்தி.

இன்லைனுக்கு ஒரு நிஜமான எல்லை இருக்கு, அதையும் சொல்லணும், இல்லைன்னா நான் இன்லைன் கட்சிக்கு வக்காலத்து வாங்குறதா ஆயிடும். நீளம். கிராங்க் நீளமாக நீளமாக அது முறுக்கிக்கிட்டு ஆட ஆரம்பிக்கும், முன்பக்கம் ஒரு கோணத்துல பின்பக்கம் ஒரு கோணத்துல. ஆறு வரைக்கும் முன்னாடி ஒரு நல்ல டாம்பர் (ஆட்டத்தை அடக்குற சக்கரம்) போட்டு சமாளிக்கலாம், எட்டுக்கு போனா தலைவலி. 1930கள்ல பெரிய கார் பலதும் வரிசை எட்டுதான், 1950, 51 எஃப்1 சாம்பியன்ஷிப் ரெண்டையும் ஜெயிச்ச ஆல்ஃபா ரோமியோ கூட வரிசை எட்டுதான். 1954-ல மெர்சிடிஸ் டபிள்யூ196 ரேஸ் கார்ல இந்த முறுக்கலுக்கு பயந்துதான் கிராங்கோட நடுவுல இருந்து பவரை வெளிய எடுத்தாங்க, அதாவது ரெண்டு நாலு சிலிண்டரை முதுகோட முதுகு ஒட்டி வச்ச மாதிரி. அவ்வளவு கஷ்டப்பட்டு வச்சுக்கணுமான்னு யோசிச்சு அப்புறம் கார்ல வரிசை எட்டையே எல்லாரும் விட்டுட்டாங்க. எட்டு சிலிண்டர்னா வி, இன்னிக்கு அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல.

ஆனா அதே நேரம் கப்பலுக்கு போய் பாருங்க. வார்ட்சிலா ஆர்டி-ஃப்ளெக்ஸ்96சி, 14 சிலிண்டர், அத்தனையும் ஒரே வரிசை. 80,080 கிலோவாட், நிமிஷத்துக்கு 102 சுத்துதான், கணக்கு போட்டா டார்க் சுமாரா 75 லட்சம் நியூட்டன் மீட்டர். ஒரு பிஸ்டன் இரண்டரை மீட்டர் மேலயும் கீழயும் போகும். கப்பலோட மெதுவா சுத்துற டூ ஸ்ட்ரோக் டீசல் எல்லாம் இன்லைன்தான், ஏன்னா கிராஸ்ஹெட் (பிஸ்டன் தண்டை நேரா வழிநடத்துற இணைப்பு) வச்ச அந்த உயரமான கூட்டை சாய்ச்சு வைக்க முடியாது, கப்பல்ல நீளத்துக்கும் பஞ்சம் இல்ல. ரயில் இன்ஜினுக்கு நேர் எதிர், அங்க வி-12, வி-16 தான் வழக்கம், ஒரு கூண்டுக்குள்ள அடங்கணும். ரெண்டுமே பத்து வருஷக்கணக்குல ஓடுற ஜாதி. ஆயுசு வடிவத்துல இருக்குன்னா இதுல ஒண்ணு சீக்கிரமே ஸ்கிராப்புக்கு போயிருக்கணுமே.

நடுக்கம் பத்தி கட்டுரையில ரெண்டே வரி இருந்துச்சு, எனக்கு அங்கதான் வடிவத்தோட நிஜமான விளையாட்டு இருக்குன்னு தோணுது. இன்லைன் சிக்ஸ்ல முதல் பிஸ்டனும் ஆறாவதும் சேர்ந்து போகும், ரெண்டாவதும் அஞ்சாவதும் சேர்ந்து போகும், மூணும் நாலும் சேர்ந்து போகும், மூணு ஜோடியும் 120 டிகிரி தள்ளித் தள்ளி இருக்கும். அதனால மேல கீழ தூக்குற விசையும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், முன்னும் பின்னும் ஆட்டுற விசையும் அடிச்சுக்கும். பேலன்ஸர் ஷாஃப்ட் (நடுக்கத்தை அடக்க சுத்துற கூடுதல் தண்டு) வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாலு சிலிண்டர்ல ரெண்டு மேல போகும்போது ரெண்டு கீழ வரும்ங்கிறதால சமமா இருக்குன்னு நினைப்போம், ஆனா ராட் சாயுற சாய்வால பிஸ்டன் மேல்பாதியில வேகமாவும் கீழ்பாதியில மெதுவாவும் போகும், அந்த வித்தியாசம் கழியாது, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை இன்ஜினை உலுக்கும். இன்ஜின் பெருசாக பெருசாக உலுக்கலும் கூடும். இதுக்கு பிரிட்டிஷ் இன்ஜினியர் லான்செஸ்டர் 20-ம் நூற்றாண்டு ஆரம்பத்துலயே ரெண்டு ஷாஃப்டை எதிர் எதிரா ரெட்டை வேகத்துல சுத்த விட்டு தீர்வு கண்டுபிடிச்சுட்டார், 70கள்ல மிட்சுபிஷி அதை திரும்ப உயிர் கொடுத்து கொண்டு வந்தாங்க, போர்ஷேயே 944க்கு அந்த உரிமத்தை வாங்கிக்கிச்சு.

வி-6 இதுல பாவம். ஒவ்வொரு பக்கமும் மூணு மூணு சிலிண்டர், மூணு சிலிண்டர்னா முன்னும் பின்னும் ஆடத்தான் செய்யும். 60 டிகிரி கோணத்துல கட்டினா ஓரளவு அடங்கும். 90 டிகிரியில கட்டினா சமமான இடைவெளியில எரிய வைக்க கிராங்க்ல ராட் மாட்டுற பின்னையே பிளந்து 30 டிகிரி தள்ளி வைக்கணும், கூட ஒரு பேலன்ஸர் ஷாஃப்டும் வேணும். அப்புறம் ஏன் 90 டிகிரின்னா, வி-8 செய்யுற அதே லைன்ல வி-6ஐயும் செஞ்சுக்கலாம், ஃபேக்டரி செலவு மிச்சம். மேல சொன்ன மெர்சிடிஸ் எம்112 அப்படி பிறந்ததுதான், 90 டிகிரி, பேலன்ஸர் ஷாஃப்ட் வச்சது. வாங்குறவரோட சுகத்துக்காக எடுத்த முடிவு இல்ல அது, கணக்குப்பிள்ளை எடுத்த முடிவு. வி-8ல கிராஸ்பிளேன் கிராங்க் (பின்கள் 90 டிகிரி தள்ளித் தள்ளி சிலுவை மாதிரி இருக்கிறது) போட்டா கனமான கவுண்டர்வெயிட் வச்சு நடுக்கத்தை அடக்கிடலாம், அந்த கடகடங்கிற சத்தமும் அதுலதான் வருது, ஃபிளாட்பிளேன் (பின்கள் எல்லாம் ஒரே தளத்துல இருக்கிறது) போட்டா லேசா இருக்கும், வேகமா சுத்தும், ஆனா ரெண்டு நாலு சிலிண்டர் சேர்ந்து உலுக்குற உலுக்கல் இருக்கும். வி-12 ரெண்டு இன்லைன் சிக்ஸ், எந்த கோணத்துல வச்சாலும் அமைதி.

இனி ஆயுசு. இதுக்குத்தான் ஜனங்க ரொம்ப சண்டை போடுறாங்க, நானும் இன்ஜின் பிரிக்கிற வேலையில இருக்கிறவன்ங்கிறதால இதைத்தான் அதிகம் பேசணும்னு நினைக்கிறேன். இன்லைன் சிக்ஸுக்கு ஏழு மெயின் பேரிங் (கிராங்கை தாங்குற பேரிங்), ஒவ்வொரு ராட் பின்னுக்கும் ரெண்டு பக்கமும் தாங்கல். வி-6க்கு நாலு மெயின் பேரிங். வி-8ல ஒரே பின்னுல ரெண்டு ராட் பக்கத்துல பக்கத்துல உக்காரணும், ஒரே சீட்டுல ரெண்டு பேர் நெருக்கி உக்கார்ற மாதிரி, அதனால ஒவ்வொரு ராட் பேரிங்கும் அகலம் குறைஞ்சுடும். காகிதத்துல பார்த்தா இன்லைனுக்கு சாதகம்தான், ஒத்துக்கறேன். கனரக லாரிக்கு உலகம் பூரா இன்லைன் சிக்ஸை விரும்புறதுல இதுக்கு பங்கு உண்டு. ஆனா இன்லைன்னாலே ஏழு பேரிங்னு சட்டம் இல்லைங்க. செவ்ரோலேவோட பழைய 216, 235 இன்லைன் சிக்ஸ்ல நாலே மெயின் பேரிங்தான், 60கள்ல வந்த அடுத்த தலைமுறையிலதான் ஏழு ஆச்சு. எம்ஜிபி கார்ல நாலு சிலிண்டருக்கு முதல்ல மூணு மெயின் பேரிங், 1964 கடைசியில அஞ்சு ஆக்கினாங்க. வடிவம் அதேதான், உள்ள தாங்குற இடம் மாறுச்சு.

பேரிங்கை விட முக்கியமானது பிஸ்டன் எவ்வளவு வேகமா ஓடுது, எவ்வளவு அழுத்தம் வாங்குதுங்கிறது. கம்மின்ஸ் 5.9ல ஸ்ட்ரோக் 120 மில்லிமீட்டர், 2500 ஆர்பிஎம்ல சராசரி பிஸ்டன் வேகம் நொடிக்கு 10 மீட்டர். 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள ஒரு பெட்ரோல் இன்ஜினை 7000 வரை விரட்டினா 20 மீட்டர். மேல சொன்ன கப்பல் இன்ஜின், இரண்டரை மீட்டர் ஸ்ட்ரோக் இருந்தும், வெறும் எட்டரை மீட்டர். எது தேயும்னு நான் சொல்லணுமா? டொயோட்டா 1எச்இசட்னு ஒரு டீசல், 4.2 லிட்டர் இன்லைன் சிக்ஸ், சாகவே சாகாதுன்னு பேர் வாங்கினது. அது கொடுக்கிறது சுமாரா 130 குதிரைசக்தி, டர்போ கிடையாது. அவ்வளவு பெரிய இரும்பு பிளாக்கை வச்சுக்கிட்டு அவ்வளவு கம்மியா கேட்டா அது ஏன் சாகப்போகுது? அதை வி-யா கட்டியிருந்தாலும் ஓடியிருக்கும். இன்னொரு பக்கம் பிஎம்டபிள்யூ எஸ்54, அதுவும் இன்லைன் சிக்ஸ், ஏழு பேரிங், எம்3ல 7900 ஆர்பிஎம்ல 343 குதிரைசக்தி, அருமையான இன்ஜின், ஆனா ஆரம்ப வருஷங்கள்ல ராட் பேரிங் பிரச்சனைக்காக கம்பெனியே வண்டிகளை கூப்பிட்டு மாத்திக் கொடுத்துச்சு. ரெண்டும் இன்லைன் சிக்ஸ்தான். என்ன கேட்டோம், எவ்வளவு கேட்டோம்ங்கிறதுதான் வித்தியாசம்.

மைல் கணக்கு பாக்கணும்னாலும் ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு. 1966 மாடல் வால்வோ பி1800, நாலு சிலிண்டர் இன்லைன், அமெரிக்காவுல இர்வ் கோர்டன்ங்கிற வாத்தியார் ஓட்டி 2013-ல 30 லட்சம் மைலை தாண்டினார், நடுவுல இன்ஜினை பிரிச்சு சேர்த்ததோட சேர்த்துத்தான். வி பக்கம் 1996 லெக்ஸஸ் எல்எஸ்400 ஒண்ணு, 4 லிட்டர் வி-8, 2019-ல பத்து லட்சம் மைல் தொட்டுச்சு. ரெண்டுலயும் பொதுவா இருந்தது ஒழுங்கா மாத்தின ஆயிலும், அளவா கசக்கின டிசைனும், விடாம நீண்ட தூரம் ஓடினதும்தான், காலையில ஸ்டார்ட் பண்ணி ரெண்டு கிலோமீட்டர்ல நிறுத்துற வண்டிக்கு இந்த பாக்கியம் கிடைக்காது, அது எந்த வடிவமா இருந்தாலும்.

பழுது பாக்குற வசதியில மட்டும் நான் இன்லைன் பக்கம் சாஞ்சுடுவேன், அதை மறைக்க விரும்பல. ஒரே ஹெட், ஒரே ஹெட் கேஸ்கட், ஒரு பக்கம் இன்டேக், மறு பக்கம் எக்ஸாஸ்ட். வி-ல எல்லாமே ரெண்டு ரெண்டு, ரெண்டு ஹெட், ரெண்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், ரெண்டு கேம் இருக்க வேண்டிய இடத்துல நாலு கேம், டைமிங் செயின் ஊர் சுத்தி வரும். முன்வீல் டிரைவ் கார்ல குறுக்க வச்ச வி-6னா பின்வரிசை ஃபயர்வாலை ஒட்டி நிக்கும், பல மாடல்ல ஸ்பார்க் பிளக் மாத்தவே இன்டேக் மேனிஃபோல்டை கழட்டணும். அப்படி இருக்கிற வேலையை வண்டிக்காரர் தள்ளிப் போடுவார், மெக்கானிக்கும் மூணை மாத்திட்டு மூணை விட்டுடுவார், அங்கதான் இன்ஜினோட ஆயுசு குறையுது. பெரிய லாரி இன்லைன் சிக்ஸ்ல ஹெட்டையும் சம்ப்பையும் (அடியில இருக்கிற ஆயில் தொட்டி) கழட்டி, வெட் லைனரோட (தனியா கழட்டக்கூடிய சிலிண்டர் குழாய்) பிஸ்டனை மேல உருவி எடுத்து, இன்ஜினை சேஸிஸ்ல இருந்து இறக்காமலே ஓவர்ஹால் முடிச்சுடலாம். நீண்ட நாள் ஓடுதுன்னு பேர் வாங்குற பாதி இன்ஜின் இப்படி சுலபமா பிரிச்சு சேர்க்க முடியுறதாலதான் அந்த பேரை வாங்கியிருக்கு. ஸ்கேனியா வி-8ல இதை புரிஞ்சுக்கிட்டு சிலிண்டருக்கு ஒரு தனி ஹெட் வச்சிருக்காங்க, ஒண்ணு போனா ஒண்ணைத்தான் தூக்கணும்.

டர்போ வந்ததும் இந்த வேறுபாடு இன்னும் பெருசாச்சு. இன்லைன்ல எக்ஸாஸ்ட் எல்லாம் ஒரே பக்கம் வர்றதால டர்போவையும் கேட்டலிஸ்டையும் (புகையை சுத்தம் பண்ற பாகம்) பக்கத்துலயே ஒட்டி வைக்கலாம், சீக்கிரம் சூடாகி புகை சுத்தமாகும். வி-ல டர்போவை ரெண்டு பக்கமும் வைக்கணும், இல்ல ரெண்டு வரிசைக்கும் நடுப் பள்ளத்துல வைக்கணும், நடுவுல வச்சா அந்த சூடு பூரா சுத்தி இருக்கிற ரப்பர், பிளாஸ்டிக், வயரிங், சீல்னு எல்லாத்தையும் வருஷக்கணக்குல வறுத்துக்கிட்டே இருக்கும். 2017-ல மெர்சிடிஸ் எம்256னு இன்லைன் சிக்ஸுக்கே திரும்பி வந்ததுக்கு இது ஒரு காரணம், நாலு சிலிண்டரையும் ஆறு சிலிண்டரையும் டீசலையும் ஒரே மாதிரி அளவுல கட்டிக்கலாம்ங்கிறது இன்னொரு காரணம். நீளப் பிரச்சனையை முன்பக்க பெல்ட்டை எல்லாம் எடுத்துட்டு 48 வோல்ட் மின்சாரத்துல ஓட வச்சு சமாளிச்சாங்க. அப்புறம் 2019-ல ஜாகுவார் லேண்ட் ரோவர், 2022-ல மாஸ்டாவும் ஸ்டெலாண்டிஸும் புதுசா இன்லைன் சிக்ஸ் விட்டாங்க. ஒரு காலத்துல எல்லாரும் வி-6க்கு ஓடினது குறுக்க வைக்கணும், பானட் குட்டையா வேணும்ங்கிறதுக்காக, இப்போ திரும்பி ஓடுறது புகை விதிக்காகவும் ஃபேக்டரி செலவுக்காகவும். போனப்பவும் டார்க்குக்காக போகல, வந்தப்பவும் டார்க்குக்காக வரல.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ரெண்டு வண்டியை ஒப்பிட்டு அட்டவணை போடும்போது இன்லைன், வின்னு ஒரு கட்டத்தை போட்டு அதுக்கு நேரா மார்க் போடாதீங்க. போர் எவ்வளவு, ஸ்ட்ரோக் எவ்வளவு, டர்போ இருக்கா, எத்தனை ஆர்பிஎம்ல டார்க் ஆரம்பிச்சு எது வரைக்கும் நிக்குது, மெயின் பேரிங் எத்தனை, ஸ்பார்க் பிளக்கும் டைமிங் செயினும் எட்டுற இடத்துல இருக்கான்னு போடுங்க. இதெல்லாம் கம்பெனி கொடுக்கிற சர்வீஸ் மேனுவல்லயே இருக்கு, கேட்டு வாங்க வேண்டியதுதான். கட்டுரை எழுதினவர் விஷயம் தெரிஞ்சவர்ங்கிறது மத்த பத்திகள்ல நல்லா தெரியுது, அவரே வி-6 கோணங்களைப் பத்தி தனியா ஒரு கட்டுரை எழுதினா முதல் ஆளா படிப்பேன்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகன்